மூச்சு அறாத குழல்

பாலஸ்தீனக் கிராமங்களில் திருமணம் என்றால் ‘தப்கே’ நடனம் இல்லாமல் இராது. ஆடுவோர் கைகோத்து வரிசையாக நின்று, தாளத்திற்கேற்ப நிலத்தை ஓங்கி மிதிப்பர். முற்காலத்தில் மண்வீட்டுக் கூரையைக் கெட்டிப்படுத்த ஊரார் கூடி மிதித்ததிலிருந்து இந்த ஆட்டம் பிறந்தது என்பர். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆட்டத்திற்கு உயிர் கொடுப்பது குழல். ‘மிஜ்விஸ்’ என்னும் கருவியில் இரண்டு நாணற்குழல்கள் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். பெயரின் பொருளே ‘இரட்டை’ என்பதுதான். இரு குழல்களின் துளைகளையும் ஒரே விரலால் சேர்த்து மூட வேண்டும். அதன் உறவான ‘யர்கூல்’ கருவியில் ஒரு குழல் நீளமானது. அது ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்க, மற்றொன்று பாடலை இசைக்கும். மகுடியைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று.

ஊதுபவர் மூச்சு வாங்குவதற்காக இசையை நிறுத்துவதே இல்லை! கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை வைத்து, குமிழிகள் நிற்காதபடி ஊதிக்கொண்டே மூச்சிழுத்துப் பாருங்கள். இக்கலையின் அருமை அப்போது புரியும்.

நகரத்து இசையில் ‘ஊத்’ என்னும் நரம்புக் கருவிக்கே முதலிடம். வீணையில் உள்ள மெட்டுகள் இதில் இல்லை. விரல் எங்கும் தடையின்றி நகரலாம். அரபு இசைக்கு இது மிகவும் தேவை. நம் இராகத்தைப் போன்றது அவர்களின் ‘மகாம்’. ‘பயாத்தி’ என்ற மகாமின் இரண்டாம் சுரம், பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையில் விழுகிறது. பியானோவில் அதை வாசிக்கவே முடியாது.

பாடல்களில் ‘அத்தாபா’ சுவையானது. நான்கு அடிகளில் முதல் மூன்றும் ஒரே ஒலியுள்ள சொல்லில் முடியும். ஆனால், ஒவ்வொரு முறையும் பொருள் வேறு. நம் மடக்கணியை நினைவூட்டும் இதனைக் கிராமத்துப் பாடகர்கள் அந்த இடத்திலேயே புனைந்து பாடுவர்.

1948ஆம் ஆண்டுப் போரில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். பல ஊர்கள் அழிந்தன. பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாத பாடல்கள், பாடியவர்களின் நினைவோடு லெபனான், ஜோர்தான் அகதி முகாம்களுக்குச் சென்றன. ஊர் இல்லாவிட்டாலும் முகாமில் திருமணம் நடந்தது. திருமணத்தில் பாட்டும் தப்கேயும் தொடர்ந்தன. 1993இல் தொடங்கப்பட்டு, இன்று எட்வர்ட் சயித்தின் பெயரைத் தாங்கும் தேசிய இசைப்பள்ளி, ஊத் போன்ற கருவிகளை இளையோருக்கு முறையாகக் கற்பிக்கிறது. நாணற்குழலின் வித்தையோ நெடுங்காலமாக மூத்தவர் ஊதக் கேட்டுக் கேட்டே கைமாறி வந்துள்ளது.