எளிமையைக் கணக்காகக் கற்பிப்போம்

எளிமை, தியாகம் ஆகிய விழுமியங்கள் வகுப்பறையில் பெரும்பாலும் அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. கைப்பேசியைத் திறந்தால் தள்ளுபடி, கடைத்தெருவில் மாதத் தவணை என்ற சூழலில் வளரும் மாணவருக்கு "ஆசையைக் குறை" என்று சொன்னால் மட்டும் போதாது. எனவே கதிர்காமத்தில் என் ஒன்பதாம் வகுப்பில் இப்பாடத்தை ஒரு கணக்காளரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன்.

ஜே.சி. குமரப்பா

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஆங்கில அரசின் நிதிக் கொள்கைக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் தொழிலைத் துறந்து கதருக்கு மாறினார்.

வருவாயை விட்டவர் கணக்கை விடவில்லை. குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று உழவர்களின் வறுமையைக் கணக்கெடுத்தார். 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் செயலாளராக இருந்து நடத்தினார். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார்.

ஐந்து படிகள்

சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில், பொருள் தேடும் முறையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். பிற உயிரை அழித்து வாழ்வது முதற்படி, புலி அப்படி. எதுவும் தராமல் எடுத்துக்கொள்வது இரண்டாவது. தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு அப்படி. உழைத்துப் பெறுவது மூன்றாவது. தேன் எடுக்கும் தேனீ பூவில் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது. கூட்டுக்காக உழைப்பது நான்காவது. அதற்கும் தேனீயே சான்று. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. தியாகம் என்னும் சொல்லை மாணவர் இங்கே எளிதில் பற்றிக்கொள்கிறார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பற்றி நான்கு கேள்விகள்: யார் செய்தது? எதனால் ஆனது? பழுதானால் சரிசெய்ய முடியுமா? தூக்கி எறிந்தபின் எங்கே போகும்? கார்த்திகைக்கு ஒரு குழு மண் அகலையும் பேட்டரி விளக்கையும் எடுத்துக்கொண்டது. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் நமக்கு அருகில்தான் இருக்கிறது. அகலுக்குக் கொடுக்கும் காசு குயவர் வீட்டுக்குப் போகிறது, உடைந்தால் அகல் மண்ணாகிறது, பேட்டரியோ குப்பையில் கிடக்கிறது என்று அவர்களே எழுதினார்கள்.

கவனிக்க வேண்டியது

"எங்க வீட்ல ஒரு வருஷமா புதுசா எதுவும் வாங்கல டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. நம் வகுப்புகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர். அவர்களிடம் எளிமையைப் போதிப்பது பசித்தவரை விரதம் இருக்கச் சொல்வதற்குச் சமம். இருப்பவர் விரும்பிக் குறைத்துக்கொள்வது எளிமை. இல்லாதவர் மீது சுமத்தப்பட்டது வறுமை. குமரப்பா முன்னதைத் தமக்கு வைத்துக்கொண்டார். பின்னதை ஒழிக்கக் கணக்கெடுத்தார். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிய பிறகே செயல்பாட்டைத் தொடங்குவது நல்லது. வாங்கிய பொருள்தான் வேண்டும் என்றில்லை. பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பொருளையும் எழுதலாம். அந்த மாணவி எழுதியது, அவள் அப்பா மூன்று முறை சரிசெய்த மின்விசிறியைப் பற்றி. நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவள் வகுப்பில் அவள் ஒருத்திதான்.

குமரப்பா மறைந்தது 1960 ஜனவரி 30. காந்தியடிகள் நினைவு நாளும் அதுவே. அன்று மௌன அஞ்சலி முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம்.