காலத்துக்கு ஒரு வேலி

மதில்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் வேலி முற்றாக மறைந்துவிடவில்லை. பூவரசு, கிளுவை முதலியவற்றின் கதியால்களை நிரையாக நாட்டி, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்து, வளவுக்கு எல்லை வகுப்பது நம்மவர் வழக்கம். உள்ளே பேணத்தக்க பொருள் உண்டென்பதை வேலி அறிவிக்கின்றது. அவ்வேலிக்குப் படலை உண்டு; அயலார் வந்துபோகப் பொட்டும் உண்டு. நிலத்துக்கு இத்துணை ஒழுங்கு செய்த நாம் காலத்துக்கு யாது செய்தோம்? கல்லூரியை விட்டு நீங்கும் இளைஞர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா இது.

நம் முன்னோர் பொழுதைப் பகுத்து வாழ்ந்தனர். ஒரு நாளை அறுபது நாழிகையாகக் கொண்டனர். ஒரு நாழிகை 24 நிமிடம். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுது ஆறு; ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அஃதாவது 4 மணி நேரம். முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் உரியவாதல் மாணவர் கற்றதே. ஒவ்வொரு செயலுக்கும் உரிய பொழுது ஒன்று உண்டென்பதே இப்பகுப்பின் அடிப்படை. கல்லூரியில் இவ்வொழுங்கை மணியோசை காத்தது. வெளியே சென்றபின் மணி அடிப்பார் இல்லை. எல்லையை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

அங்ஙனம் வகுத்தார்க்கு எடுத்துக்காட்டு நம் அயலிலேயே உண்டு. 1822 ஆம் ஆண்டில் நல்லூரில் தோன்றிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றார். 1847 டிசம்பர் 31 ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமையில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிக்கிழமை இரவுகள் அப்பணிக்கே உரியவாயின. மறுவருடம் ஊதியம் தந்த பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. இல்வாழ்க்கையையும் வேண்டாது விடுத்தார். அவர் 1879 ஆம் ஆண்டில் மறைந்தபோது ஐம்பத்தேழு வயதும் நிரம்பவில்லை. அதற்குள் பாலபாடங்களும் உரைநடை நூல்களும் அச்சுக்கூடமும் பாடசாலைகளும் உருவாயின. இன்னது செய்வேன் என்று துணிந்தமையாலேயே இன்னது செய்யேன் என்று அவரால் கூற இயன்றது.

எல்லாரும் பதவியைத் துறத்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்கக் கணக்குப் பகுதியிலும், பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அவர் கடமையாற்றினார். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியவரும் அவரே. பதவி அவருடைய நாளிற் பெரும்பகுதியைக் கொண்டது. எஞ்சியதை அவர் ஏட்டுக்கு ஈந்தார். எஞ்சிய சில நாழிகையைக் காப்பவனுக்கே இத்தகைய பெரும்பணி கைகூடும்.

இனி, நம் இளைஞர்க்குரிய இடர் எது? சோம்பல் ஒருபுறம் இருக்க, முகத்தாட்சணியமே பெரிதும் கெடுப்பது. நண்பர் அழைத்தால் மறுக்க நாவெழாது; சங்கத்தார் பொறுப்பை நீட்டினால் கை தானே ஏற்கும்; பின்னர் ஒன்றையும் நிறைவுறச் செய்யாது எல்லாரிடத்தும் பழி ஏற்போம். கண்ணோட்டத்தைத் தனி அதிகாரத்தில் போற்றிய திருவள்ளுவரும், எடுத்த தொழிலுக்குக் கேடு நேராதவாறு அஃது அமைதல் வேண்டுமென்னுங் கருத்தை அங்கேயே வைத்தார். ஆகவே, அளவறிந்து மறுத்தல் அன்பின்மை ஆகாது. "இன்று இயலாது அண்ணை, சனிக்கிழமை பின்னேரம் வருகின்றேன்" என்று தெளிவாகச் சொல்லி, சொன்ன நாளில் தவறாது செல்பவனை ஊர் மதிக்கும். "பார்ப்போம்" என்று நழுவுபவன் தன் காலத்தையும் பிறர் காலத்தையும் ஒருங்கே கெடுக்கின்றான்.

கைத்தொலைபேசி வந்தபின் வேலி அடைப்பது மேலும் அருமையாயிற்று. அது படலையில் நின்று கூப்பிடுவதில்லை. நேரே படுக்கைக்கே வந்துவிடுகின்றது. ரொறன்ரோவில் நண்பகலாகும்போது கொக்குவிலில் பருவத்துக்கேற்ப இரவு ஒன்பதரை அல்லது பத்தரை மணி. கடல் கடந்த உறவினர் அன்பால் அழைக்கின்றனர். உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவனுக்கோ அதுவே ஏடு விரித்திருக்கும் வேளை. ஞாயிறு காலை போன்றதொரு வேளையை இருபாலார்க்கும் பொருந்தக் குறித்துக்கொண்டால் அன்பும் குறையாது, படிப்பும் கெடாது. அழைப்பார் எவருமின்றித் தானே அக்கருவியை எடுத்து நாழிகைக் கணக்காக நோக்கியிருப்பவன், தன் வேலியைத் தானே பிரிப்பவன் ஆவான்.

மாணவர்காள்! நாள்தோறும் ஐந்து நாழிகை, அஃதாவது இரண்டு மணி நேரம், உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அதனுள் நடும் பயிர் இன்னதென்று முதலில் துணியுங்கள். பயிரில்லா வளவுக்கு வேலி வீண். அவ்வேளையை வீட்டாருக்கும் நண்பருக்கும் முன்னரே அறிவியுங்கள். நோயென்றும் சாவென்றும் வருவார்க்குப் படலையை எந்நேரமும் திறவுங்கள். பெற்றோர் அழைத்தால் உடனே எழுங்கள். கிடுகு உக்கும், ஆதலின் வேலியை மீண்டும் மீண்டும் அடைத்தல் வேண்டும். காலத்தின் வேலியும் அத்தகையதே. தொழில் மாறும்போதும் இல்லறம் புகும்போதும் அதன் எல்லையைப் புதிதாக வகுத்துக்கொள்ளுங்கள்.