இயக்குநர் பாலு மகேந்திரா

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் பாலு மகேந்திரா. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். அவருக்கு முதல் வாய்ப்பைத் தந்தது தமிழ்த் திரையுலகம் அன்று, மலையாளத் திரையுலகம். ‘செம்மீன்’ படத்தை இயக்கிய ராமு காரியாட், வயநாட்டைக் களமாகக் கொண்ட ‘நெல்லு’ (1974) படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்படைத்தார். கேரள அரசின் விருதும் கிட்டியது. அவர் முதன்முதலாக இயக்கிய ‘கோகிலா’ (1977) கன்னடப் படம். தமிழில் இயக்கிய முதற்படமான ‘அழியாத கோலங்கள்’ 1979இல்தான் வெளிவந்தது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் ஸ்ரீவராகத்து மாணவர்களுக்கு இவ்வரிசை வியப்பளிக்காது.

இயன்றவரை இயற்கை வெளிச்சத்திலேயே படம்பிடிப்பது அவர் வழக்கம். ‘வீடு’ (1988) பாடல்களே இல்லாத படம். சென்னையில் சொந்த வீடு கட்ட முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை அது. அவளுடைய தாத்தா ஒருநாள் குடையோடு தனியே புறப்பட்டுச் சென்று, பாதி எழும்பிய அவ்வீட்டைப் பார்க்கிறார். சுவரைத் தொட்டுத் தடவுகிறார். திரும்பும் வழியில் இறந்துவிடுகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்த அக்காட்சிக்கு நிகரானது தமிழ்த் திரையில் அரிது என்பேன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பின்னர்ச் சன் தொலைக்காட்சிக்காகக் ‘கதை நேரம்’ தொடரை இயக்கினார். சுஜாதா, மாலன் முதலியோரின் சிறுகதைகள் அதில் குறும்படங்களாயின. நெடுந்தொடர்கள் ஆண்டுக்கணக்கில் நீளும் சின்னத்திரையில், அவை தொடங்கிய அன்றே முடிந்தன! நூலகத்துக்குச் செல்லாதோரின் வீட்டுக்கும் தமிழ்ச் சிறுகதை சென்றது.

இறுதிப் படம் ‘தலைமுறைகள்’ (2013). தாத்தாவாக அவரே நடித்தார். நகரில் வளர்ந்த பேரனுக்குத் தமிழ் தெரியாது. கிராமத்துத் தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர். 2014 பிப்ரவரி 13 அன்று பாலு மகேந்திரா மறைந்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அப்படத்துக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை.

சொற்பொருள்
களம் – கதை நிகழும் இடம். கிட்டியது – கிடைத்தது. நிகர் – ஒப்பு.

பயிற்சி
1. ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’ வரும். “இது தமிழ்ப் படம் அன்று, இவை தமிழ்ப் படங்கள் அல்ல.” இவ்வாறு நான்கு தொடர்கள் எழுதுக.
2. ஸ்ரீவராகம் குளக்கரையில் மாலை வெளிச்சம் எவற்றின்மேல் விழுகிறது? உரையாடலின்றி ஐந்து தொடர்களில் எழுதுக.
3. வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் அறியாத தமிழ்ச்சொல் ஒன்றைக் கேட்டறிக. அவர் அறியாத மலையாளச் சொல் ஒன்றை அவருக்குக் கற்பித்து, இரண்டையும் இங்கே எழுதுக.