காட்டு நெல்லிக்கு யார் விலை வைப்பது?

கேள்வி: காட்டில் விளையும் பழங்களால் பழங்குடிகளுக்கு உண்மையிலேயே வருமானம் கிடைக்கிறதா? – வாசகி, ஈரோடு

பதில்: கிடைக்கிறது, ஆனால் நியாயமான அளவில் இல்லை. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு நெல்லி அவர்களுக்கு ஊறுகாய், மருந்து, கைச்செலவுக்குக் காசு. திரிபலாவில் சேரும் நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் மூன்றுமே காட்டு மரங்களின் காய்கள்தாம். ஆனாலும் பச்சைக் காயாக விற்பவருக்குச் சொற்பமே மிஞ்சுகிறது. கொட்டை நீக்கி வெயிலில் உலர்த்தி வற்றலாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும்; அதற்குக் களமும் கிடங்கும் ஊரிலேயே வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2002-இல் வந்த திருத்தத்தை ஒட்டி, அங்கே விற்பனைக்காகச் சேகரிப்பதே தடைபட்டது. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி அவர்களின் சமூக உரிமை 2011-இல்தான் ஏற்கப்பட்டது.

இத்தனைக்கும் அந்த மரங்களை நன்கறிந்தவர்கள் அவர்களே. நெல்லிக் கிளையில் புல்லுருவி பற்றினால் காய்ப்பு குறையும், மரமே பட்டுப்போகும். முன்பு பருவமறிந்து வைத்த சிறு தரைத்தீ புல்லுருவியை அடக்கி வைத்தது என்கிறார்கள் சோலிகர்கள். நெல்லியைக் காப்பது பற்றிப் பேசும்போது வனத்துறை முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.