புது இன்ஜினுக்குப் பழைய மீட்டர் எதற்கு?

கேள்வி: 1984 மாடல் புல்லட் ஒன்றை வாங்கி, மொத்தமாகப் பிரித்து வேலை பார்த்து முடித்திருக்கிறேன். போர் பண்ணிப் புது பிஸ்டன், கிராங்க் வேலை, ஹெட் வேலை, கிளட்ச், வயரிங், பெயின்ட், குரோம் என்று எல்லாம் புதுசு. மீட்டரில் 61 ஆயிரத்துச் சொச்சம் நிற்கிறது. 'வண்டியே புதுசு சார், மீட்டரையும் சைபர் பண்ணிடலாம்' என்கிறார் மெக்கானிக். இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை. இதில் தப்பு ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. மீட்டர் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். அதற்காக உங்கள் மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. பழைய வண்டி பார்க்க வருகிறவர் கிலோமீட்டரை எதற்குப் பார்க்கிறார்? உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போடத்தான். தேய்ந்ததை எல்லாம் கழற்றிப் போட்டாயிற்று என்றால், 61 ஆயிரம் என்பதுதானே இப்போது பொய் என்று அவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மீட்டருக்கும் இன்ஜினுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. உங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து மேலே வருகிறது. இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாலும் எண் ஏறும். சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. நீங்கள் பிஸ்டனை மாற்றியதால் உருண்ட தூரம் குறைந்துவிடவில்லை.

உருண்ட தூரம் இன்னும் யாருக்கு வேண்டும் என்றால், மாற்றாமல் விட்ட பாகங்களுக்கு வேண்டும். உங்கள் பட்டியலில் சேஸிஸ் இல்லை, ஃபோர்க் குழாய் இல்லை, சுவிங் ஆர்ம் இல்லை, சக்கர ஹப் இல்லை. அந்த 61 ஆயிரம் கிலோமீட்டரின் குழியையும் மேட்டையும் வாங்கியவை இவைதான். இரும்பில் ஏறிய உலோகச் சோர்வு பெயின்ட் அடித்தால் இறங்காது. சொல்லப்போனால், வெல்டு ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் இருந்தால் புதுப் பெயின்ட் அதை மூடித்தான் வைக்கும். இன்ஜினும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் புதிதல்ல. போர் பண்ணுவது என்றால் சிலிண்டர் சுவரைச் சுரண்டி எடுத்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவது. இதை இஷ்டத்துக்கு எத்தனை தடவையும் செய்ய முடியாது. சுவர் தாங்குகிற எல்லை வந்தால் ஸ்லீவ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஆக, போர் பண்ணிய சிலிண்டர் நன்றாக ஓடும், ஆனால் அதன் கையிருப்பில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. கிராங்க் கேஸ் கம்பெனியில் வார்த்த பழைய கேஸ்தான். இவற்றையெல்லாம் சேர்த்து 'சைபர்' என்று எழுத எந்தக் கணக்கும் இடம் தராது.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வேலை பார்க்காத பழைய வண்டியில் மீட்டரைத் திருப்பினால், விவரம் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுக்கிப் போயிருக்கும்; பிரேக் பெடலில் செருப்பு தேய்த்த பள்ளம் இருக்கும்; கிக்கர் ஷாஃப்ட் ஆடும்; சாவித் துவாரம் அகன்றிருக்கும். எண் என்ன சொன்னாலும் இவை எதிர்ச்சாட்சி சொல்லும். முழுசாக வேலை பார்த்த வண்டியிலோ அந்தச் சாட்சிகளை எல்லாம் நீங்களே, நல்ல நோக்கத்தோடுதான், அப்புறப்படுத்திவிட்டீர்கள். ரப்பர் புதுசு, பெடலுக்குக் குரோம், பூட்டும் புதுசு. பழைய ஓட்டத்துக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்த ஐந்து இலக்க எண். வேலை பார்த்த வண்டி என்பதால் மீட்டரைத் திருப்பலாம் என்பது மெக்கானிக்கின் வாதம். என் கணக்கில், வேலை பார்த்த வண்டி என்பதால்தான் திருப்பவே கூடாது.

ஆர்.சி. புக்கைப் புரட்டிப் பாருங்கள். அதில் வண்டியின் வயது இன்றும் 1984-இலிருந்துதான் ஓடுகிறது. அந்த வயதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. பழைய புல்லட்டுக்கு விலையே அந்த வயதுக்குத்தான். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தபோதும், 50 வருடத்தை முதல் பதிவு நாளிலிருந்துதான் எண்ணச் சொன்னார்கள், கடைசியாகப் பெயின்ட் அடித்த நாளிலிருந்து அல்ல. பழைய சேஸிஸ் நம்பர், பழைய பதிவு எண், பழைய மாடல் என்கிற பெருமை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டரை மட்டும் 'அது வேறு வண்டி' என்று தள்ளிவிடுவது எப்படிச் சரியாகும்? ஒரே வண்டி என்றால் தூரமும் அதனுடையதுதான்.

இந்தக் கேள்வியை நம்மைவிடக் கறாராகச் சந்தித்த துறை விமானத் துறை. அங்கே இன்ஜினை ஓவர்ஹால் செய்வது வழக்கமான வேலை. ஓவர்ஹால் ஆனதும் பழைய மணிக்கணக்கை அழிப்பதில்லை. புதிதாய் வந்த நாளிலிருந்து எத்தனை மணி நேரம், கடைசி ஓவர்ஹாலிலிருந்து எத்தனை மணி நேரம் என்று இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிப்படி, பழைய வரலாறு இல்லாமல் புதுப் பதிவேடு தொடங்க வேண்டுமானால், இன்ஜினை அதைத் தயாரித்த கம்பெனியோ அந்தக் கம்பெனி ஒப்புதல் தந்த நிறுவனமோ மறுநிர்மாணம் செய்திருக்க வேண்டும். அப்போதும் அந்தச் சைபர் இன்ஜினுக்கு மட்டும்தான். விமான உடலின் கணக்கு தொடர்கிறது. சாலை வண்டிகளுக்கு அமெரிக்கா 1972-இலேயே தனிச் சட்டம் போட்டது. மீட்டர் பழுதாகி, பழைய எண்ணைக் கொண்டுவர வழியே இல்லை என்றால் சைபரில் வைக்கலாம், ஆனால் பழைய எண்ணையும் வேலை செய்த தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அதில் உள்ள விதி. அதாவது, அங்கே சைபரைக்கூட அனுமதிக்கிறார்கள். குறிப்பில்லாத சைபரைத்தான் அனுமதிக்கவில்லை.

'நம்மூரில் மீட்டரை யார் நம்புகிறார்கள்?' என்று கேட்பார்கள். கேபிள் அறுந்து வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்திருக்கும்; 99,999-ஐத் தாண்டி மீட்டர் தானாகவே சைபருக்கு வந்திருக்கும்; உங்கள் 61 ஆயிரமே ஒரு லட்சத்து 61 ஆயிரமாக இருக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் யாருமே நம்பாத எண்ணை எதற்கு மெனக்கெட்டுத் திருப்ப வேண்டும்? மீட்டரின் வளையத்தை நெம்பி, முள்ளைக் கழற்றி, இலக்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி வைக்கிற வேலை பொழுதுபோக்குக்காக நடப்பதில்லை. யாரோ ஒருவர் நம்புவார் என்றுதான் நடக்கிறது. எண் சரிதானா என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்வதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் வண்டியைக் கைமாற்றும்போது தருகிற படிவத்திலேயே, மீட்டர் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றிவிட்டது, இது உண்மையான தூரம் அல்ல என்று குறிப்பதற்குத் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். சந்தேகமான எண்ணைச் சந்தேகமான எண்ணாகவே கொடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

விற்கும் எண்ணம் இல்லை என்கிறீர்கள். சொந்த வண்டியில் மீட்டரைத் திருப்பி, கடைசிவரை நீங்களே ஓட்டினால் ஏமாறுகிறவர் எவரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றாக வேலை பார்த்த புல்லட் உங்களுக்குப் பிறகும் ஓடும். அதை விற்கப் போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். சைபர் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்களே விற்றாலும், 'அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை' என்று நின்றுவிட முடியாது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியாகக் கருதுவதில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தை வேலை மெனக்கெட்டு மறைப்பதை மோசடி என்கிறது, பேச்சுக்குச் சமமான மௌனத்தையும் சேர்த்துக்கொள்கிறது. திருப்பி வைத்த மீட்டர் மௌனமாக இல்லை, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேசிக்கொண்டே இருக்கிறது. வியாபாரிக்குப் பிடி இன்னும் இறுக்கம்: மறுநிர்மாணம் செய்த பழைய பொருளைப் புதியது என்று காட்டுவதை 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லியே நேர்மையற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது.

கடைசியாக உங்கள் லாபநட்டம். பழைய எண்ணை வைத்துக்கொண்டால் செலவழித்த காசுக்கு மதிப்புக் கிடைக்காதே என்ற பயம் இருக்கலாம். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை செகண்ட் ஹாண்ட் கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டது. நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் வாங்குகிறவர் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் சராசரி விலைதான் கேட்பார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது அதன் வாதம். கிராங்க் வரை இறக்கி வேலை பார்த்தவரும், பெயின்ட் மட்டும் அடித்தவரும் மீட்டரில் ஒரே சைபரை வைக்க முடியும். ஆகவே அந்தச் சைபர் உங்கள் உழைப்பைப் பற்றி எதையும் சொல்லாது. 61 ஆயிரமும் அதன் பக்கத்தில் ஒரு கட்டு பில்லும் சொல்லும்.

எனவே செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வேலை முடிந்த தேதி, அன்றைய மீட்டர் எண், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், போட்ட பிஸ்டனின் அளவு, மாற்றிய உதிரிகள் இவற்றை ஒரே தாளில் எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கி, பில்களோடு ஆர்.சி. புக்குடன் வையுங்கள். புது இன்ஜினின் ஆயில் மாற்றுக் கணக்கு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும். மீட்டரே செத்துப்போய்ப் புதுசு மாட்ட வேண்டி வந்தால் அது சைபரில்தான் வரும், தப்பில்லை. பழைய எண்ணையும் மாட்டிய தேதியையும் அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றாமல் விட்ட பாகங்களையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.