மனம் தடுமாறும் வேளையில் யார் வர வேண்டும்?

கேள்வி: மனநல நெருக்கடியில் இருப்பவரிடம் போலீசுக்குப் பதிலாக மருத்துவக் குழுவை அனுப்புவது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்து குறையும் என்பதையே அமெரிக்காவின் டென்வர் நகர அனுபவம் காட்டுகிறது. அங்கே 2020 ஜூனில் ‘ஸ்டார்’ திட்டம் தொடங்கியது. 911 அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளில், ஆயுதமோ வன்முறையோ இல்லாதவற்றுக்கு மனநல ஆலோசகரும் மருத்துவ உதவியாளரும் வேனில் போகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளைக் கவனித்தார்கள்; ஒருவர்கூடக் கைதாகவில்லை. காரணம் எளிது. மிரண்டிருப்பவரைச் சீருடையும் துப்பாக்கியும் மேலும் மிரட்டும். அவர் அதட்டலுக்குப் பணியாதபோது அது எதிர்ப்பாகத் தெரியும். அங்கேதான் அடிதடி தொடங்குகிறது. பொறுமையாகப் பேசி, தங்குமிடத்துக்கோ சிகிச்சைக்கோ அழைத்துப்போகத் தெரிந்தவர் வந்தால் விபரீதம் தவிர்க்கப்படுகிறது.

போலீஸ் விலகினால் குற்றம் பெருகாதா என்று கேட்பார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்தன, வன்முறைக் குற்றங்கள் கூடவில்லை என்றது 2022-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. கத்தியோடு நிற்பவரிடம் காவலர் போகத்தான் வேண்டும்; அதை யாரும் மறுக்கவில்லை. உண்மையான பலவீனம் நிதிதான். அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989 முதல் இயங்கிய, இத்தகைய முன்னோடிச் சேவையான ‘கஹூட்ஸ்’ நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அங்கே நின்றுபோனது. தீயணைப்புத் துறைக்குப் போல இதற்கும் நிரந்தர நிதி ஒதுக்குவது அரசின் கடமை.