துருவக் கடலில் ஐந்து நாட்கள்

2007 நவம்பர் 23 அன்று அண்டார்க்டிகாவின் தென் ஷெட்லாந்துத் தீவுகளுக்கு அருகே 'எக்ஸ்புளோரர்' என்னும் சுற்றுலாக் கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. திறந்த படகுகளில் குளிரில் தத்தளித்த 154 பேரும், வேறொரு கப்பல் சில மணி நேரத்தில் வந்தடைந்தமையால் உயிர் பிழைத்தனர். அந்நற்பேறு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் துருவ விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. மீட்பு வந்துசேரக் குறைந்தது 5 நாட்கள் ஆகும் எனக் கொண்டே மூடிய படகுகளும் குளிர்காப்பு உடைகளும் உணவும் அமைதல் வேண்டும் என்பது அதன் விதி. செலவு கூடுதலே, ஆயினும் மீட்பு நிலையங்கள் அரிதான கடலில் அச்செலவைக் கப்பலே ஏற்பது முறை. 2026 ஜனவரி 1 முதல் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிக் கப்பல்களுக்குக் கடல்வழிச் செலுத்துதல், பயணத் திட்டமிடல் பற்றிய விதிகள் மட்டுமே விரிவாக்கப்பட்டன. ஐந்து நாள் விதி அவற்றிற்கு இல்லை.